மான்ட்கோமரி தெருவில் ஒரு கருப்புப் பூனை

சான்பிரான்சிஸ்கோவில் போய் இறங்குகிற எல்லோரும் முதலில் ஓடுவது கோல்டன் கேட் பாலத்துக்குத்தான். அங்கே பத்து போட்டோ. அப்புறம் கேபிள் கார், அப்புறம் அல்காட்ராஸ் ஜெயில். அதெல்லாம் இருக்கட்டும். ஊசி மாதிரி வானத்தைக் குத்திக்கிட்டு நிற்குமே ஒரு வெள்ளைக் கட்டடம், டிரான்ஸ்அமெரிக்கா பிரமிட்... அதோட அடிவாரத்துக்கு வாங்க. அங்கிருந்து வாஷிங்டன் தெருவைத் தாண்டி வடக்கே நாலு எட்டு வைத்தால் போதும். மான்ட்கோமரி தெரு, கதவு எண் 710.

பார்க்க ஒண்ணும் பெருசா இல்லை என்பதை முன்னாடியே சொல்லிடறேன். இடது பக்கம் கொலம்பஸ் அவென்யூ சாய்வாகப் பிரிந்து போகும். அதில் கொஞ்ச தூரம் நடந்தால் பீட் கவிஞர்களின் கோட்டையான சிட்டி லைட்ஸ் புத்தகக் கடை. மேற்கே ரெண்டு தெரு தாண்டினால் சைனா டவுன். இந்தப் பக்கம் 1906 பூகம்பத்தில் தப்பிப் பிழைத்த பழைய செங்கல் கட்டடங்கள். 710-ம் நம்பரில் 2007-ல் ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். ஆபீஸ் விட்டு அவசரமா ஓடுகிறவர்கள் அதை நின்று படிப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அந்தப் பலகை சொல்லும் பெயர் 'பிளாக் கேட்'. கருப்புப் பூனை! நம்ம ஊர்ல குறுக்கே போனாலே சகுனம் சரியில்லைன்னு வீட்டுக்குத் திரும்பிடுவாங்க. அந்த ஊர்ல தன்பாலீர்ப்பு உள்ள ஆணும் பெண்ணும் தலைநிமிர்ந்து உட்காரக் கிடைத்த ஆரம்பகால இடங்களில் ஒன்றுக்கு அதுதான் பெயர்.

பூனைக்கு முதல் ஜென்மம் 1906. அப்போது இடம் வேறு. பாட்டு, டான்ஸ், குடி எனக் கொஞ்ச காலம் ஓடி, மூடப்பட்டது. அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு 1920-ல் வந்து 1933-ல் ஒழிந்தது. மதுவிலக்கு போனதும் பூனை இந்த மான்ட்கோமரி தெருவில் மறுபிறவி எடுத்தது. எடுத்த இடம் நல்ல இடம். இன்றைக்கு பிரமிட் நிற்கிற இடத்தில் அன்றைக்கு 'மான்ட்கோமரி பிளாக்' என்று 1853-ல் கட்டிய நாலு மாடிக் கட்டடம் இருந்தது. ஓவியர்கள், எழுத்தாளர்கள், வாடகை பாக்கி வைப்பவர்கள் எல்லாரும் அதில்தான் குடியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'குரங்கு பிளாக்'. குரங்குகளுக்குத் தாகம் எடுத்தால் பூனை வீடு தெரு தாண்டி. அந்தக் கட்டடத்தை 1959-ல் இடித்துவிட்டார்கள்.

அடுத்து வந்தது இரண்டாம் உலகப் போர். பசிபிக் கடல் பக்கம் போகும் ராணுவத்தினர் லட்சக்கணக்கில் சான்பிரான்சிஸ்கோ துறைமுகம் வழியாகத்தான் போனார்கள், வந்தார்கள். 'இவன் ஆண்களை விரும்புகிறவன்' என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களை ராணுவம் நீல நிறக் காகிதத்தில் ஒரு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் கொடுத்து அனுப்பிவிடும். நீலக் காகிதத்தோட சொந்த ஊருக்குப் போனா வேலை கிடைக்காது. ஏன் நீலம்னு அம்மா அப்பா கேட்டா பதில் கிடையாது. அதனால் நிறைய பேர் இறங்கின துறைமுகத்திலேயே தங்கிவிட்டார்கள். சான்பிரான்சிஸ்கோ 'கே' நகரமானதற்குக் காரணம் கேட்டால் ஆளாளுக்கு சீதோஷ்ணம், கலை, சுதந்திரக் காற்று என்பார்கள். அந்த நீலக் காகிதத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

நாற்பதுகளில் பாரை வாங்கியவர் சால் ஸ்டூமன். இவர் 'கே' இல்லை. வியாபாரி, அவ்வளவுதான். பாரும் முழுக்க முழுக்க 'கே' பார் என்று சொல்லிவிட முடியாது. துறைமுகத் தொழிலாளி, ஓவியன், பக்கத்து பேங்க் பகுதியின் ஆபீஸ் ஆசாமி, வேடிக்கை பார்க்க வந்த டூரிஸ்ட் என்று எல்லா ரகமும் ஒரே ஹாலில். கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கும் இங்கே வந்து போனவர்தான். ஸ்டூமன் யாரையும் வாசலில் நிறுத்தி 'நீ யார்?' என்று கேட்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காக அடுத்த பதினைந்து வருஷம் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்தார் மனுஷன்.

ஏன் கோர்ட்? அன்றைய கலிபோர்னியாவில் 'கே'க்கள் கூடுகிற பார் என்றாலே 'ஒழுங்கீன விடுதி' என்று முத்திரை குத்தலாம். லைசென்ஸைப் பிடுங்கலாம். இதைக் காட்டியே மாமூலும் வாங்கலாம்! (நம்ம ஊர் கதை மாதிரியே இருக்கா? 1960-ல் சான்பிரான்சிஸ்கோவின் சில பார் உரிமையாளர்கள் போலீஸ் மாமூலைப் பற்றி வெளிப்படையாகவே புகார் சொல்ல, ஊரே நாறிப்போனது.) பிளாக் கேட்டின் லைசென்ஸை 1949-ல் காலவரையறை இல்லாமல் நிறுத்தி வைத்தார்கள். அங்கே அடிதடி நடந்ததா? இல்லை. திருட்டு சரக்கா? அதுவும் இல்லை. வந்து உட்காருகிறவர்கள் யார் என்பதுதான் குற்றம்.

மற்ற பார்க்காரர்கள் இந்த மாதிரி சமயத்தில் வாயை மூடிக்கொண்டு கடையைச் சாத்திவிடுவார்கள். ஸ்டூமன் வக்கீல் வைத்தார். வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1951-ல் தீர்ப்பு. 'ஸ்டூமன் எதிர் ரைலி' என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு. நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் ஒரு இடத்துக்கு வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள் என்பது மட்டுமே அந்த இடத்தை மூடப் போதாது. அங்கே சட்டவிரோதமாகவோ ஒழுக்கக்கேடாகவோ ஏதாவது நடந்தது என்று நிரூபிக்க வேண்டும்.

கவனிங்க. 'கே'யா இருக்கிறது தப்பில்லைன்னு கோர்ட் சொல்லவே இல்லை. அவங்களும் பொதுமக்கள், ஒழுங்கா நடந்துக்கிட்டா உட்காரலாம் என்றது, அவ்வளவுதான். ஆனால் 1951-ல் அமெரிக்காவில் வேறு எந்த மூலையிலும் இந்த அவ்வளவுதான் கூடக் கிடையாது. இந்த மாதிரி ஆட்களைத் தேடித் தேடி மத்திய அரசு வேலையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்த காலம் அது.

ஜெயித்தாச்சு, படம் முடிஞ்சுது, சுபம்... அப்படியெல்லாம் இல்லை. 1955-ல் மாநில அரசு மதுபானத்துக்கென்று தனி இலாகா தொடங்கியது. கூடவே ஒரு புதுச் சட்டம்: 'பாலியல் வக்கிரம் பிடித்தவர்கள் கூடும் இடம்' என்றால் லைசென்ஸ் ரத்து! கோர்ட் பூட்டிய கதவைச் சட்டசபை ஜன்னல் வழியாகத் திறந்தது. 1959-ல் பக்கத்து ஊர் ஓக்லாந்தின் ஒரு பார் தொடுத்த வழக்கில் அந்தச் சட்டமும் செல்லாது என்று தீர்ப்பானது. உடனே இலாகா ரூட்டை மாற்றியது. 'ஒழுக்கக்கேடு நடந்ததாக நிரூபிக்கணும், அவ்வளவுதானே?' மாறுவேஷ அதிகாரிகள் வாடிக்கையாளர் மாதிரி பாருக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ரெண்டு ஆண்கள் சேர்ந்து ஆடினால் குறிப்பு. தோளில் கை போட்டால் குறிப்பு. முத்தம் கொடுத்தால் பெரிய குறிப்பு.

இத்தனை கெடுபிடிக்கு நடுவில்தான் நம் ஹீரோ என்ட்ரி. ஹீரோ என்றதும் ஆறடி உயரம் எதிர்பார்க்காதீங்க. ஐந்தடிகூடக் கிடையாது! பெயர் ஹோசே சாரியா. அம்மா கொலம்பியா நாட்டுக்காரர், அப்பா நிகரகுவா. பிறந்தது வளர்ந்தது சான்பிரான்சிஸ்கோ. அந்த உயரத்தை வைத்துக்கொண்டே எப்படியோ ராணுவத்தில் சேர்ந்து, உலகப் போர் முடிந்து சார்ஜென்ட்டாகத் திரும்பியவர். அப்புறம் வாத்தியார் ஆகணும் என்று ஆசை. படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய ஹோட்டலின் கழிப்பறையில் போலீஸ் வலையில் சிக்க, வழக்குப் பதிவானது. வாத்தியார் கனவு அன்றோடு அம்பேல். இப்படி ஒரு கேஸ் இருந்தால் பள்ளிக்கூட வாசலையே மிதிக்க முடியாது.

வந்து சேர்ந்த இடம் பிளாக் கேட். வேலை, வெயிட்டர். டிரிங்ஸ் எடுத்துக்கொண்டு போகும்போதே பியானோ சத்தத்துக்கு ஏற்பப் பாட ஆரம்பித்தார். குரல் பிரமாதம்! கூட்டம் நின்று கேட்டது. பெண் உடை, காதில் தொங்கல், காலில் ஹை ஹீல்ஸ் என்று ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தனி ஆளாக ஆப்பராவே நடத்தத் தொடங்கினார். ஆப்பரா என்றால் நம்ம ஊர் இசை நாடகம் மாதிரி, ஆரம்பம் முதல் கடைசி வரை பாட்டுதான். 'கார்மென்' என்கிற புகழ்பெற்ற ஆப்பராவை எடுத்துக்கொண்டு கதையை அப்படியே உள்ளூருக்கு மாற்றிவிடுவார். ஸ்பெயின் நாட்டு கார்மென், சாரியாவின் கையில் சான்பிரான்சிஸ்கோ யூனியன் சதுக்கத்துப் புதர்களுக்குள் ஒளிந்து ஒளிந்து போலீஸிடமிருந்து தப்பிக்கிற கார்மென் ஆகிவிடுவாள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். சிரிக்கிற ஒவ்வொருத்தனும் நிஜத்தில் அதே போலீஸுக்குப் பயந்து ஓடினவன்தான்.

நிகழ்ச்சியின் முடிவு வேறு மாதிரி. எல்லோரும் எழுந்து ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டு வட்டமாக நிற்க வேண்டும். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் சாரியா சொந்தமாக வரி போட்ட ஒரு பாட்டு. 'ராணியைக் காப்பாற்று' என்கிற இடத்தில் இவர்கள் தங்களையே ராணிகள் என்று சொல்லி, எங்களைக் காப்பாற்று என்று பாடுவார்கள். மூக்கும் முழியுமாகக் கிண்டல்தான். ஆனால் அங்கே அன்று நின்றவர்களில் பல பேர், பல வருஷம் கழித்துப் பேட்டி கொடுத்தாலும் அந்தப் பாட்டிடம் வரும்போது குரல் உடைந்துவிடுவார்கள். சில ராத்திரிகளில் மொத்தக் கூட்டத்தையும் தெருவுக்கு அழைத்துப் போவார் சாரியா. பக்கத்திலேயே அன்றைய சிறை. அன்று மாலை பிடிபட்டவர்கள் உள்ளே கம்பிக்குப் பின்னால். அவர்கள் காதில் விழுகிற மாதிரி வெளியில் நின்று எல்லோரும் அதே பாட்டைப் பாடுவார்கள்.

வெறும் பாட்டோடு விட்டால் இவரைப் பற்றி இத்தனை எழுத வேண்டாம். சாரியா ஓசியில் சட்ட ஆலோசனையும் கொடுத்தார்! அந்தக் காலத்தில் பிடிபட்டவர்கள் வெளியே தெரிந்துவிடுமே என்ற பயத்தில் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லி அபராதம் கட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். போலீஸுக்குச் சாட்சி தேடுகிற வேலையே மிச்சம். சாரியா சொன்னது: ஒப்புக்கொள்ளாதே, ஜூரி விசாரணை கேள். எல்லோரும் கேட்க ஆரம்பித்ததும் கோர்ட்டில் கேஸ்கள் மலையாகக் குவிந்தன. நீதிபதிகள் போலீஸைப் பார்த்து 'ஆதாரம் எங்கேப்பா?' என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒன்றாக நின்றால் நிற்போம், பிரிந்தால் ஒவ்வொருத்தனாகப் பிடித்துப் போவான் என்பதை மேடையில் திரும்பத் திரும்பச் சொல்வது அவர் வழக்கம்.

இன்னொரு கூத்து கேளுங்க. ஆண் பெண் உடை போடுவதைத் தடை செய்யும் ஊர்ச் சட்டம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. ஏமாற்றும் எண்ணத்தோடு வேஷம் போட்டார் என்று போலீஸ் கேஸ் எழுதும். அக்டோபர் 31, ஹாலோவீன் ராத்திரி மட்டும் வேஷத்துக்கு விலக்கு. மணி பன்னிரண்டு அடித்ததும் வண்டி வந்து நிற்கும், அள்ளிக்கொண்டு போக. சாரியா என்ன செய்தார் தெரியுமா? பூனைத் தலை வடிவத்தில் சின்னச் சின்ன அட்டை வெட்டி, 'நான் ஒரு பையன்' என்று எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். கவுனில் குத்திக்கொள்ளணும். போலீஸ் கேட்டால் அட்டையைக் காட்டணும். ஏமாற்றும் எண்ணமே இல்லையே ஆபீசர், நான்தான் எழுதியே ஒட்டியிருக்கேனே! வண்டி காலியாகத் திரும்பியது.

சிரிப்புக்கு நடுவே பயமும் நிஜம்தான். 1961 செப்டம்பரில் அதே ஊரின் டே-புஷ் இன் என்கிற இன்னொரு பாரில் ஒரே ராத்திரியில் 103 பேரைப் பிடித்தார்கள். பிறகு பெரும்பாலானவர்கள் மேல் வழக்கு நிற்கவில்லை. ஆனால் அதற்குள் பேப்பரில் பெயர், விலாசம், வேலை பார்க்கும் இடம் எல்லாம் வந்துவிட்டது. வழக்கு தள்ளுபடியானால் என்ன, மறுநாள் காலையில் மேனேஜர் பேப்பர் படித்திருப்பாரே! கம்பி எண்ணுவதைவிட இந்தப் பட்டியலுக்குத்தான் எல்லோரும் நடுங்கினார்கள்.

அந்த 1961-லேயேதான் சாரியா நகர நிர்வாகக் குழுத் தேர்தலில் நின்றார். நம்ம மாநகராட்சி கவுன்சிலர் மாதிரி. ஐந்து இடங்கள். 'கே' என்று வெளிப்படையாகத் தெரிந்த ஒருவர் அமெரிக்காவில் தேர்தலில் நின்றது அதுவே முதல் முறை. மனு போட வேண்டிய கடைசி நாளில் எண்ணிப் பார்த்தபோது போதுமான வேட்பாளர்களே இல்லை, இந்த பார் வெயிட்டர் போட்டியின்றி ஜெயித்துவிடுவாரோ என்று பெரிய மனிதர்கள் அலறி அடித்துக்கொண்டு ஆள் பிடித்தார்கள், சாயங்காலத்துக்குள் முப்பதுக்கும் மேல் ஆகிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். முடிவில் சாரியாவுக்கு 5,600 ஓட்டுக்கு மேல் விழுந்தது. ஒன்பதாவது இடம். தோல்விதான். ஆனால் ரகசிய ஓட்டுப் பெட்டியில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு அன்றுதான் முதல் தடவை எல்லார் கண்ணிலும் பட்டது. அரசியல்வாதிக்கு ஓட்டுக் கணக்கு புரிந்த மாதிரி வேறு எதுவும் புரியாதே! அடுத்தடுத்த தேர்தல்களில் வேட்பாளர்கள் இந்தப் பக்கமும் கும்பிடு போட வந்தார்கள்.

1962-ல் ஊரின் 'கே' பார் முதலாளிகளும் பார்டெண்டர்களும் சேர்ந்து 'டேவர்ன் கில்டு' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிடிபட்டால் என்ன செய்யணும் என்று துண்டுப் பிரசுரம், வக்கீல், ஜாமீன் எல்லாம் சங்கத்தின் செலவு. தொழில் போட்டியாளர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள் என்பதே சாதனைதான்.

இத்தனைக்கும் பிறகு பூனை தோற்றது. 1956-ல் ஆரம்பித்த லைசென்ஸ் வழக்கு ஏழு வருஷம் இழுத்து, 1963-ல் ஸ்டூமனுக்கு எதிராக முடிந்தது. மொத்தப் போராட்டத்தில் அவர் கைக்காசு 38,000 டாலருக்கு மேல் கரைந்திருந்தது. இலாகா லைசென்ஸைப் பறித்த நாளைப் பாருங்கள், ஹாலோவீனுக்கு முந்தின ராத்திரி! வருஷத்திலேயே பெரிய கொண்டாட்டத்துக்கு முந்தின நாள். கூட்டம் வராமல் போகுமா? வந்தது. எல்லா வேஷமும் வந்தது. ஒரு சொட்டு மது இல்லாமல் ஜூஸும் சோடாவும் குடித்துக்கொண்டே விடிய விடிய ஆடினார்கள். இந்த ஒரு ராத்திரியை நினைத்துத்தான் எனக்கு இந்த இடத்தின் மேல் மரியாதை. குடிக்கத்தான் வருகிறார்கள் என்று பதினைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கே பதில் கிடைத்திருக்கும். மதிய உணவுக் கடையாகச் சில மாதம் தள்ளிப் பார்த்தார் ஸ்டூமன். 1964 பிப்ரவரியில் பூட்டு விழுந்தது. அதே கட்டடத்தில் பிற்பாடு ரெஸ்டாரன்ட்கள் வந்தன, போயின.

இன்றைக்கு யாரிடம் கேட்டாலும் நியூயார்க்கின் ஸ்டோன்வால் பாரைத்தான் சொல்வார்கள். 1969-ல் அங்கே கலவரம் நடந்தது, உலகம் பார்த்தது, நியாயம்தான். ஆனால் அதற்கு ஆறு வருஷம் முன்னாடியே இங்கே ஒரு ஆள் கோர்ட்டுக்குப் போய், ஒரு ஆள் தேர்தலுக்குப் போய், ரெண்டு பேரும் தோற்றும் முடித்திருந்தார்கள். கல் எறிந்தால் கவர் ஸ்டோரி, கேஸ் போட்டால் அடிக்குறிப்பு! இன்னொரு குழப்பமும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் இதே 'பிளாக் கேட்' பெயரில் வேறு ஒரு பார் இருந்தது. 1967-ல் போலீஸ் அடாவடியை எதிர்த்து மக்கள் கூடிப் போராடிய இடம். அது வேற பூனை, இது வேற பூனை. பரீட்சையில் மாத்தி எழுதிடாதீங்க.

சாரியா நின்று பதினாறு வருஷம் கழித்து, 1977-ல் அதே நிர்வாகக் குழுவுக்கு ஹார்வி மில்க் ஜெயித்துப் போனார். அடுத்த வருஷம் நவம்பரில் நகர மண்டபத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பற்றிப் படமெல்லாம் வந்தாச்சு. காஸ்ட்ரோ பகுதியில் அவர் பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது. அதன் முன்னால் ஓடும் சின்னத் தெருத்துண்டுக்கு 2006-ல் 'ஹோசே சாரியா கோர்ட்' என்று பெயர் வைத்தார்கள். நூலகம் அவருக்கு, வாசல் இவருக்கு.

நேரம் மிச்சமிருந்தால் ரயில் பிடித்து ஊருக்குத் தெற்கே கோல்மா போய் வரலாம். சான்பிரான்சிஸ்கோவில் இடம் பத்தாமல் கல்லறைகளையெல்லாம் வெளியே தள்ளியதால் உருவான ஊர் அது. உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்கள் பல மடங்கு அதிகம். அங்கே உட்லான் கல்லறைத் தோட்டத்தில் ஜோஷுவா நார்டன் இருக்கிறார். 1859-ல் திடீரென்று தன்னை 'அமெரிக்காவின் சக்கரவர்த்தி' என்று தானே அறிவித்துக்கொண்ட ஆசாமி. ஊரும் சிரித்துக்கொண்டே இருபது வருஷம் அவரை அப்படியே நடத்தியது. 1965-ல் டேவர்ன் கில்டு நடத்திய நடன விழாவில் சாரியாவை ராணியாகத் தேர்ந்தெடுத்தபோது, ராணிப் பட்டமெல்லாம் பத்தாது என்று தன்னைப் பேரரசியாகவே அறிவித்துக்கொண்டார் அவர். முழுப் பட்டம் 'முதலாம் ஹோசே, நார்டனின் விதவை'! அந்தக் கிண்டல் பட்டத்தில் தொடங்கிய 'இம்பீரியல் கோர்ட்' அமைப்பு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று பரவி நல்ல காரியங்களுக்கு நிதி திரட்டியது.

விதவைக் கோலத்தில் கருப்பு உடை போட்டுக்கொண்டு, பரிவாரத்தோடு கோல்மாவுக்குப் போய் நார்டனின் சமாதிக்கு மலர் வைப்பது சாரியாவின் வழக்கம். பக்கத்திலேயே தனக்கும் இடம் வாங்கிப் போட்டார். 2013 ஆகஸ்டில், தொண்ணூறு வயதில் இறந்தார். கிரேஸ் கதீட்ரலில் பெரிய இறுதிச் சடங்கு, கிரீடம் வைத்தவர்கள் வரிசை வரிசையாக. இப்போது 'கணவர்' நார்டனுக்கு அருகிலேயே இருக்கிறார். தோட்டத்து வாசல் ஆபீஸில் கேட்டால் வழி சொல்வார்கள்.